அவர் என் பெயரைச் சொல்லவில்லை

எங்கள் ஊரில் ஒருவரைப் பெயர் சொல்லி விசாரித்தால், எந்த அந்தோணி, எந்த முனியசாமி என்று திருப்பிக் கேட்பார்கள். ஒரே தெருவில் ஒரே பெயரில் நாலைந்து பேர் இருப்பார்கள். பச்சை வல்லத்துக்காரர் என்றோ, கிணற்றடி வீட்டு மூத்த மகள் என்றோ, ஐப்பசியில் கடலுக்குப் போய்த் திரும்பாதவனின் அக்கா என்றோ சொன்னால் மறுகேள்வி இருக்காது. மண்டபத்திலிருந்து பாம்பன் வரையிலும், அதற்கு அப்பால் தங்கச்சிமடம் வரையிலும் உள்ள கடற்கரை ஊர்களில் இதுதான் வழக்கம். எனக்குச் சிகிச்சை அளித்த உளவியல் ஆலோசகர், என் பெயரைச் சொல்லாமல் என் கதையை ஒரு கூட்டத்தில் சொன்னார். பெயரை விட்டுவிட்டதால் என்னைப் பாதுகாத்துவிட்டதாக அவர் உண்மையாகவே நம்பினார். அந்த நம்பிக்கை எங்கள் வீட்டுக்குள் என்ன செய்தது என்பதையும், அதன் பிறகு நான் கற்றுக்கொண்டவற்றையும் எழுதுகிறேன்.

நான் பள்ளி ஆசிரியை. என் தம்பி வல்லம் என்னும் நாட்டுப்படகில் மீன்பிடிக்கப் போகிறவன். நான்கு ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மாதத்தில், வாடைக்காற்று எழும்பத் தொடங்கியிருந்த ஒரு விடியற்காலையில் இன்னும் இருவரோடு கடலுக்குப் போனான். அன்று விசைப்படகுகளுக்குக் கடலுக்குப் போகும் அனுமதி டோக்கன் கொடுக்கவில்லை. வல்லங்கள் சில போயின. வல்லம் கவிழ்ந்து, மற்ற இருவரும் காலி கேன்களைப் பிடித்துக்கொண்டு மிதந்து, மாலையில் வேறொரு படகுக்காரர்களால் கரை சேர்க்கப்பட்டார்கள். என் தம்பி கிடைக்கவில்லை. பல நாட்கள் தேடினார்கள். உடல் கிடைக்காத வீட்டில் துக்கத்துக்கு ஒரு நாளும் இல்லை, முடிவும் இல்லை. கல்லறையும் கிடையாது, கருமாதியும் கிடையாது. காணாமற்போனவரைச் சட்டம் இறந்தவராகக் கொள்வதற்கு ஏழு ஆண்டுகள் ஆகும் என்று யாரோ சொன்னபோது, என் அம்மா அந்த ஏழு ஆண்டுகளை ஒரு நம்பிக்கையாக எடுத்துக்கொண்டார்.

நான் யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. முதல் நாள் மாலை தம்பி என்னிடம் வந்து இருபதாயிரம் ரூபாய் கேட்டிருந்தான். மீன் ஏலக்கடைக்காரரிடம் வாங்கியிருந்த முன்பணத்தில் ஒரு பகுதியைக் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் காற்றென்றும் பாராமல் தொழிலுக்குப் போக வேண்டியிருக்கும் என்றான். என்னிடம் பணம் இருந்தது. அதற்கு முன் வாங்கியதையே அவன் தரவில்லை என்ற கோபத்தில், இல்லை என்று சொல்லிவிட்டேன். "சரிக்கா" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

மூன்று மாதங்கள் தூக்கம் இல்லை. வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே எதை எழுத வந்தேன் என்பது மறந்துபோகும். உடன் வேலை செய்யும் ஆசிரியை ஒருவர் சொல்லித்தான் ராமநாதபுரத்தில் இருந்த அந்த ஆலோசகரிடம் போனேன். பேருந்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்தத் தொலைவே எனக்குப் பாதுகாப்பாகத் தோன்றியது. எங்கள் மாவட்டத்தில் மனநலச் சிகிச்சை என்றாலே ஏர்வாடியின் பெயரைச் சொல்லிப் பேசும் பழக்கம் இன்னும் போகவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே மனநோயாளிகளுக்கான ஒரு காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்த பிறகும், ஒருவரைத் திட்டுவதற்கு அந்த ஊர்ப் பெயரை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். மகளுக்கு நாளை சம்பந்தம் பேச வருகிறவர்கள் இதைக் காதில் வாங்கக் கூடாது என்று எண்ணுகிற தாயின் பயத்தை, அந்த ஊர்களில் வாழாதவர்களுக்கு விளக்குவது கடினம்.

அவர் நல்ல ஆலோசகர் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. முதல் மூன்று சந்திப்புகளில் தூக்கத்தைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் மட்டுமே பேசினார். நான்காவது சந்திப்பில்தான் அந்த இருபதாயிரம் ரூபாயைச் சொன்னேன். சொல்லி முடித்துத் திரும்பி வந்த அன்று இரவு, மூன்று மாதங்களில் முதன்முறையாக விடியும்வரை தூங்கினேன். அடுத்தடுத்த சந்திப்புகளில், இதை அம்மாவிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்று இருவரும் சேர்ந்து யோசித்துக்கொண்டிருந்தோம். தம்பியின் பிறந்தநாள் கழிந்த பிறகு, நானும் அம்மாவும் தனியாக இருக்கும் ஒரு நாளில் சொல்வது என்று நாங்கள் பேசி வைத்திருந்தோம்.

அந்த நாள் வரவில்லை. ஒரு சனிக்கிழமை காலையில், வழக்கமாக மீன் கொண்டுவரும் அக்கா அன்னக்கூடையை வாசலில் இறக்கினார். அம்மா திண்ணையில் உட்கார்ந்து, வாங்கிய நகரை மீனைச் செதிள் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் சில்லறை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், நேத்துப் பக்கத்தூரு குழுக் கூட்டத்துல அந்த மேடம் நல்லாப் பேசுனாக. ஒங்க தம்பி கததான்னு எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. நாங்கள்லாம் அழுதுட்டோம். காசு இல்லேன்னு சொன்னதுக்கு நீங்க என்ன செய்வீக, விதி அப்புடி."

அன்பினால்தான் சொன்னார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. நான் அவரைப் பார்க்கவில்லை. அம்மாவின் கையைப் பார்த்தேன். அரிவாள்மணைக்குப் பக்கத்தில் வைத்திருந்த சட்டித் தண்ணீரில் மீனைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது. செதிள்கள் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தன. பிறகு அந்தக் கை மறுபடியும் சுரண்டத் தொடங்கியது. அன்று முழுவதும் அம்மா எதுவும் கேட்கவில்லை. குழம்பு வைத்தார், எனக்குப் போட்டார், தான் சாப்பிடவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"ஒங்கிட்டக் கேட்டானா?"

"கேட்டான்மா."

"வச்சிருந்தியா?"

"வச்சிருந்தேன்."

வெகுநேரம் கழித்து, "நீயே வந்து சொல்லியிருக்கலாம்ல" என்றார். நான் சொல்லத்தான் இருந்தேன் என்பதை எப்படிச் சொல்வது? தம்பி மனைவி அதன்பின் நான்கு மாதங்கள் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. "மதினி" என்று வாய் நிறையக் கூப்பிடுகிற பெண், பேருந்து நிறுத்தத்தில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கூட்டத்தில் என்ன பேசப்பட்டது என்பதைப் பின்னர் இரண்டு பேரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கடற்கரைப் பெண்கள் மனச்சுமையை உள்ளேயே வைத்துக்கொண்டு நோயாளியாகக் கூடாது, பேச வர வேண்டும் என்பதற்காக அவர் என் கதையை எடுத்துக்காட்டாகச் சொல்லியிருக்கிறார். ஊரின் பெயர் சொல்லவில்லை. ஆனால் பள்ளி ஆசிரியை, வல்லத்தில் போன உடன்பிறந்தவர், மூன்று பேர் போய் இரண்டு பேர் பிழைத்தது, ஐப்பசி மாதம், கேட்ட கடன், மறுத்த அக்கா என எல்லாம் இருந்தன. இதைச் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ ஓர் அரங்கில் சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. எட்டு கிலோமீட்டர் தள்ளியிருந்த ஊரில், கடலில் ஒருவர் காணாமற்போனால் கரை முழுவதும் இரவெல்லாம் விழித்திருக்கும் மக்களிடம் சொன்னார். ஒவ்வொரு விவரமும் தனித்தனியாகப் பார்த்தால் சாதாரணமானது. மூன்றை ஒன்றாகச் சேர்த்தால் உலகத்தில் ஒரே ஒருத்தியைத்தான் குறிக்கும்.

இரண்டு வாரம் கழித்து அவரை நேரில் பார்த்தேன். "உங்க பேரையே நான் சொல்லலையேம்மா" என்றார். பொய் சொல்கிறவரின் குரல் அல்ல அது. பிறகு ஒரு கோப்பை எடுத்து, முதல் நாள் நான் கையெழுத்திட்ட தாளைக் காட்டினார். ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒன்றரைப் பக்கம். கட்டணம், நேரம் தவறினால் என்ன, சந்திப்பை ரத்து செய்வது எப்படி என்பவற்றுக்கு நடுவே, தரப்படும் தகவல்கள் கல்வி, விழிப்புணர்வு நோக்கங்களுக்கு அடையாளமின்றிப் பயன்படுத்தப்படலாம் என்று ஒரு வரி இருந்தது. பிள்ளைகளுக்குப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுக்கிற நான், அன்று ஒரு வரியும் படிக்கவில்லை. மூன்று மாதம் தூங்காமல், அழுத முகத்தோடு, எப்படியாவது உள்ளே போய் உட்கார்ந்துவிட வேண்டும் என்று வந்தவளிடம் நீட்டப்பட்ட தாள் அது. அதில் இருந்தது என் கையெழுத்துதான். ஆனால் அதை ஒப்புதல் என்று என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

ஒப்புதல் என்பது ஒரு குறிப்பிட்ட செயலுக்குத் தரப்படுவது. எந்தக் கதை, எந்த விவரங்களோடு, யாரிடம், எங்கே, எதற்காகச் சொல்லப்படப்போகிறது என்பது தெரிந்த பிறகுதான் சரி என்றோ வேண்டாம் என்றோ ஒருவரால் சொல்ல முடியும். நான் அந்தத் தாளில் கையெழுத்திட்ட நாளில் அவரிடம் இன்னும் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. சொல்லாத ஒன்றை வெளியிட எப்படி அனுமதி கொடுத்திருக்க முடியும்? அத்துடன், மறுத்தால் சிகிச்சை கிடைக்காதோ என்ற பயம் இருக்கிற இடத்தில் கேட்கப்படும் அனுமதிக்குப் பொருள் இல்லை. மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை நெறிமுறை, நோயாளியின் படத்தையோ நோய்க்கதையையோ அவருடைய அடையாளம் தெரியவரும் விதத்தில் அனுமதியின்றி வெளியிடக் கூடாது என்று சொல்கிறது. பெயரை எடுத்துவிட்டாலும் ஆளை அறிந்துகொள்ள முடிகிறதா என்பதுதான் அங்கே கேள்வி. என் ஆலோசகர் மருத்துவர் அல்லர். அந்த விதி அவரைக் கட்டாது. ஆனாலும் அந்தக் கேள்வியை அவர் தனக்குத்தானே கேட்டிருக்கலாம்.

இதை அவரிடம் சொன்னேன், கோபத்தில் அல்ல. கூட்டத்தில் அவர் சொன்ன விவரங்களை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். ஒவ்வொன்றையும் படித்துக்காட்டி, இதைக் கேட்டால் எங்கள் கரையில் எத்தனை பேர் நினைவுக்கு வருவார்கள் என்று கேட்டேன். மூன்றாவது வரியிலேயே அவர் தலைகுனிந்துவிட்டார். மன்னிப்புக் கேட்டார். இனி எந்த இடத்திலும் இந்தக் கதையைச் சொல்லமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொன்னேன், தந்தார். என் சிகிச்சைக் குறிப்புகளின் நகலையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. அவரிடம் மறுபடியும் சிகிச்சைக்குப் போக என் மனம் இடம் கொடுக்கவில்லை.

அதன் பிறகு பல மாதங்கள் இந்தப் பொருளைத் தேடித் தேடிப் படித்தேன். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2018 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. அதன் 23ஆம் பிரிவு, மனநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவரின் உடல்நலம், மனநலம், சிகிச்சை ஆகியவை பற்றிய தகவல்களின் ரகசியத்தை அவருடைய உரிமையாகவே வைக்கிறது. அவற்றைக் காப்பது சிகிச்சையளிப்பவர்களின் கடமை. 24ஆம் பிரிவு, மனநல நிலையத்தில் சிகிச்சை பெறுகிறவரின் புகைப்படத்தையோ தகவலையோ அவர் ஒப்புதலின்றி ஊடகங்களுக்குத் தரக் கூடாது என்கிறது. ஏர்வாடியில் கட்டுண்டு கிடந்தவர்களின் முகங்கள் பத்திரிகைகளில் வந்ததைச் சிறுவயதில் பார்த்த எனக்கு, அந்தப் பிரிவைப் படித்தபோது நெஞ்சு அடைத்தது. அவர்களிடம் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

ஆனால் ரகசியம் எல்லையற்றது அல்ல, அதையும் முதல் நாளிலேயே தெரிந்துகொள்வது நல்லது. சிகிச்சைக்காக இன்னொரு மனநல நிபுணரிடம் பகிர்வது, ஒருவரின் உயிருக்கு ஆபத்து இருக்கும்போதோ இன்னொருவருக்குத் தீங்கு நேரக்கூடும் என்ற நிலையிலோ அதைத் தடுக்கத் தேவையான அளவுக்கு மட்டும் சொல்வது, இந்தச் சட்டத்தின் கீழ் அமையும் மனநல மறுஆய்வு வாரியமோ நீதிமன்றமோ ஆணையிடும்போது தருவது என்று சட்டமே சில வாசல்களைத் திறந்து வைத்திருக்கிறது. குழந்தைகள் மீதான பாலியல் கொடுமை பற்றி ஆலோசகருக்குத் தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அவர் புகார் தெரிவித்தே ஆக வேண்டும். ஆசிரியைகளான எங்களுக்கும் அதே கடமை உண்டு. இந்த விதிவிலக்குகளில் எதிலும், நல்ல நோக்கத்தோடு மேடையில் எடுத்துக்காட்டாகச் சொல்வது என்று ஒன்று இல்லை.

இன்னொரு வாசல் பலருக்குத் தெரியாதது. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி, வயதுவந்த எவரும், சிகிச்சை பற்றிய முடிவுகளில் தனக்குத் துணை நிற்க ஒரு நியமனப் பிரதிநிதியை வெள்ளைத்தாளில் எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வைத்துக் குறித்துவிடலாம். எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். அந்தப் பிரதிநிதி தன் கடமையைச் செய்வதற்குத் தேவையான தகவல்களை அவருக்குத் தர முடியும். யாரையும் குறிக்காவிட்டால், அந்த இடத்துக்கு உறவினர் வந்துவிடுவார். நம்முடைய வீடுகளில் உறவினர் என்பது கணவராகவும் இருக்கலாம், மாமியாராகவும் இருக்கலாம், யாரால் தூக்கம் கெட்டதோ அவராகவும் இருக்கலாம். எனக்குத் தெரிந்த ஒரு பெண், தன் கணவரின் அடி உதையைப் பற்றிப் பேசப் போய், அவரே அடுத்த நாள் தொலைபேசியில் கேட்டு விவரம் தெரிந்துகொண்ட கதை உண்டு. அதை இதற்கு மேல் நான் சொல்லக் கூடாது. அது அந்தப் பெண்ணின் கதை. வீட்டார் தொலைபேசியில் விசாரித்தால் என்ன பதில் சொல்வீர்கள் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள். இவர் எங்களிடம் வருகிறார் என்பதையே உறுதிப்படுத்தமாட்டோம் என்பதுதான் சரியான பதில்.

யாரிடம் போகிறோம் என்பதைப் பார்ப்பதும் முக்கியம். மனநல மருத்துவர் என்றால் மருத்துவ கவுன்சிலில் பதிவு இருக்கும். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு எண் இருக்கும். அந்த எண்ணைக் கேட்பது அவமரியாதை அல்ல. வெறும் ஆலோசகர் என்று பலகை வைத்திருப்பவர்களில் நல்லவர்கள் பலர் உண்டு, ஆனால் தவறு நடந்தால் எந்தக் கதவைத் தட்டுவது என்பது தெளிவில்லாமல் போய்விடும். எனக்கு நேர்ந்தது அதுதான். மனநல நிலையங்களைப் பற்றிய குறைகளை, முதலில் அங்கே பொறுப்பில் இருக்கும் மருத்துவரிடமோ மனநல நிபுணரிடமோ, நிறைவில்லாவிட்டால் மறுஆய்வு வாரியத்திடமோ, அதற்கும் மேலே மாநில மனநல ஆணையத்திடமோ கொண்டுபோகச் சட்டம் வழி செய்திருக்கிறது. நானோ துக்கத்தில் இருந்தவள், என் ஆலோசகரோ தனி அறையில் தொழில் நடத்தியவர். இந்த வழி எங்கள் இருவருக்கும் சரியாகப் பொருந்தவில்லை. எனவேதான், அப்படிப்பட்டவரிடம் போகிறவர்கள் அவருடைய வாக்குறுதியைத் தமிழில் எழுதி வாங்கிக்கொள்வது எவ்வளவு அவசியம் என்று அழுத்திச் சொல்கிறேன். பல பக்கங்கள் வேண்டாம்: நான் சொல்வதை என் முன் அனுமதி இல்லாமல், பெயரோடோ பெயரில்லாமலோ, எந்தக் கூட்டத்திலும் பயிற்சியிலும் எழுத்திலும் சமூக ஊடகத்திலும் பயன்படுத்தமாட்டீர்கள் என்ற ஒரே ஒரு வாக்கியம் போதும். அச்சிட்ட தாளில் வேறு மாதிரி வரி இருந்தால், அதைக் கோடிட்டு அடித்துவிட்டுக் கையெழுத்திடலாம். அடித்தால் சிகிச்சை இல்லை என்று சொல்கிறவரிடம் போகாமல் இருப்பதே மேல்.

குறிப்புகளைப் பற்றியும் கேட்க வேண்டும். நோட்டுப் புத்தகமா, கணினியா, பூட்டிய அலமாரியா, உதவியாளர் பார்ப்பாரா என்று கேளுங்கள். சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி சிகிச்சை பெறுகிறவருக்குத் தன் மருத்துவப் பதிவுகளைப் பார்க்கும் உரிமை உண்டு; தெரிந்தால் அவருக்கே கடுமையான மனப்பாதிப்பு வரும் என்றோ பிறருக்குத் தீங்கு வரும் என்றோ கருதினால் மட்டும் ஒரு பகுதியை நிறுத்தி வைக்கலாம், அப்போதும் வாரியத்திடம் முறையிடலாம் என்பதைத் தெரிவிக்க வேண்டும். என் குறிப்புகளின் நகலைப் படித்தபோது, நான் சொன்ன சில இடங்களில் ஊரின் பெயரும் ஏலக்கடைக்காரரின் பெயரும் முழுதாக எழுதப்பட்டிருந்ததைக் கண்டேன். அவர் பெயர் என் சிகிச்சைக்கு எதற்கு? பிறருடைய பெயரை நாமே உறவு சொல்லியோ முதலெழுத்தாலோ குறிப்பிட்டுப் பேசலாம் என்று அதிலிருந்து பழகிக்கொண்டேன்.

வாட்ஸ்அப் பற்றி ஒரு வார்த்தை. ஆலோசகருக்கு நள்ளிரவில் குரல் பதிவு அனுப்புவது எளிது. அது அவருடைய தொலைபேசியில் யார் கையில் இருக்கும்போது ஒலிக்கும் என்பது நமக்குத் தெரியாது. நம் வீட்டிலும் ஒரே தொலைபேசியைப் பிள்ளைகளும் எடுப்பார்கள். சந்திப்பு நேரத்தை மட்டும் செய்தியில் வைத்துக்கொள்வது நல்லது.

இடையில் சில மாதங்கள், 14416 என்ற டெலி மானஸ் எண்ணில்தான் பேசினேன். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் இலவசச் சேவை அது, தமிழிலேயே பேசலாம். வீட்டில் பேச இடமில்லை. இரண்டு அறை, நடுவில் ஒரு சேலைத் திரை. மீன்பிடித் தடைக்காலம் அது, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். பழுது பார்க்க மேலே ஏற்றி வைத்திருந்த ஒரு படகின் நிழலில், மாலை வேளையில் உட்கார்ந்து பேசுவேன். பெயின்ட் அடிப்பவர்கள் வேலை முடித்துப் போயிருப்பார்கள். கடலைப் பார்க்காமல், படகின் அடிப்பலகையைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன்.

இப்போது மதுரையில் ஒரு மருத்துவ உளவியலாளரிடம் போகிறேன். முதல் நாள் அவர் என்னிடம் என் பிரச்சினை என்ன என்று கேட்கவில்லை. தமிழில் தட்டச்சு செய்த ஒரு பக்கத்தைத் தந்து, வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்ப் படித்துவிட்டு அடுத்த முறை கையெழுத்திட்டுக் கொண்டு வாருங்கள் என்றார். எந்தெந்த நிலையில் ரகசியத்தை மீற வேண்டியிருக்கும் என்பதை வாய்விட்டு விளக்கினார். யாருக்காவது போன் செய்ய நேர்ந்தால் யாருக்குச் செய்யலாம் என்று கேட்டார். தம்பி மனைவியின் எண்ணைக் கொடுத்தேன். ஆம், அவள் திரும்பி வந்துவிட்டாள். ஒரு நாள் மாலை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, "அவுக எங்கிட்டயும் கேட்டாக மதினி, நானும் செயின தரமாட்டேன்னுட்டேன்" என்று சொல்லி அழுதாள். அதை அவளே சொன்னாள், அவளுக்குச் சொல்ல முடிந்த நாளில், என்னிடம் மட்டும். இதை எழுதுவதற்கு அவளிடம் அனுமதி கேட்டேன். எழுதியதை முழுவதும் படித்துக் காட்டினேன். இரண்டு இடங்களில் ஒன்றை எடுத்துவிடச் சொன்னாள், எடுத்துவிட்டேன். இந்த வாக்கியம் இருக்கட்டும் என்றாள். அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். மாதம், தொகை, மீன், வேறு சில விவரங்கள் மாற்றப்பட்டிருக்கின்றன. எங்கள் கரையில் உள்ளவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

சென்ற மாதம் மதுரையில், சந்திப்பு தொடங்கும் முன்பே, அவர் ஒரு விஷயம் கேட்க வேண்டும் என்றார். மாணவர்களுக்கு நடத்தும் வகுப்பில், உடல் கிடைக்காத துக்கத்தைப் பற்றிச் சொல்லும்போது, நான் எப்போதோ சொன்ன ஒரு வரியைப் பயன்படுத்தலாமா என்றார். எந்த வரி என்பதை ஒரு தாளில் எழுதி, அதில் எந்த விவரமும் இல்லாதபடி அமைத்து, என் முன்னால் வைத்தார். இன்று பதில் சொல்ல வேண்டியதில்லை, வேண்டாம் என்றாலும் எதுவும் மாறாது என்றார். தாளைப் படித்துப் பார்த்தேன். நல்ல வரிதான்; அம்மாவைப் பற்றியது.

"வேண்டாம் மேடம்" என்றேன்.

"சரிங்க" என்று சொல்லி, அந்தத் தாளை என்னிடமே கொடுத்துவிட்டு, இந்த வாரம் தூக்கம் எப்படி இருந்தது என்று கேட்டார்.